மரத்துக்கு ஒரு தடவை அப்பா பெயர்

நம் வயதில் சும்மா உட்காருவதுதான் பெரிய வேலை. முட்டி வலிக்கும். முதுகு பிடிக்கும். கண்ணை மூடினால் தூக்கம் வரும். தூக்கம் வராவிட்டால் பழசு வரும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார்கள்.

ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் வாரம் ஒரு நாள் காலையில் தியான வகுப்பு நடக்கிறது. மருமகள்தான் என் பெயரைக் கொடுத்தாள். ரத்தக் கொதிப்புக்கு நல்லதாம். நடத்துகிறவர் ரிட்டயரான டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நல்ல மனுஷி. தோட்டத்து ஆள், டவுன் ஆள் என்று பிரித்துப் பார்க்க மாட்டார்.

முதல் வாரம் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். மூச்சைக் கவனித்தால் எனக்கு மூச்சு முட்டியது. அடுத்த வாரம் வேறு வழி சொன்னார்.

"ஒரு சொல்லை எடுங்கோ. சாமி பேராயும் இருக்கலாம், வேற எதாயும் இருக்கலாம். அதையே சொல்லிக்கொண்டு இருங்கோ. மனம் ஓடினா ஏசாதேங்கோ. திரும்ப அந்தச் சொல்லிட்டயே கூட்டிக்கொண்டு வாங்கோ."

முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பிறகு உதடு மட்டும் அசைய வேண்டும். பிறகு அதுவும் இல்லாமல் உள்ளுக்குள்ளே. மூன்று படி.

பக்கத்து நாற்காலிக்காரி என் பக்கம் சாய்ந்தாள். "பசிக்குதுக்கா, எனக்கு நாசி லெமாக்தான் வருது. அதையே சொல்லிடவா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே கண்ணை மூடினேன். சொல்லைத் தேடவில்லை. தானாக ஒன்று வந்து நின்றது. என் அம்மா வாயால் கேட்ட சொல். நான் அதைச் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனேன். கக்கூசுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சொல் என் அப்பாவின் பெயர்.

நம் அம்மாக்கள் கட்டியவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். அதே பெயர் உள்ள பக்கத்து வீட்டுப் பையனைக்கூட "ஏய்" என்றுதான் கூப்பிடுவார்கள். சாமி பாட்டில் அந்தப் பெயர் வந்தால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதனால் அப்பா பெயரைச் சொல்வது என் வேலையாக இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் சீட்டு எழுதும்போது "நாமா சுவாமி?" என்று மலாயில் புருஷன் பெயரைக் கேட்பார். அம்மா என் முழங்கையை இடிப்பாள். நான் சொல்வேன். மருந்து கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றும் அப்படித்தான். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு இந்த உத்தியோகம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் தோட்டம் ஈப்போவுக்கு வடக்கே இருந்தது. இப்போது போனால் பாதி செம்பனை, பாதி தாமான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் டயர் கடை. அப்போது சுற்றிலும் கித்தா மரம், ரப்பர்தான். தோட்டத்தை விற்கப் போகிறார்கள், துண்டு போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. எல்லோரும் பயந்தார்கள். அப்பா பயந்து உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. மேல் பேராக்கில் பாலாக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். காட்டில் பெரிய மரம் அறுத்து லாரியில் ஏற்றுகிற வேலை. அங்கே ஒரு இடம் பார்த்துக்கொண்டு வந்து எங்களை அழைத்துப்போவதாகச் சொன்னார்.

தைப்பூசம் முடிந்து போனார். மரமெல்லாம் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்தது. மிதித்தால் அப்பளம் உடைகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடுதான் அப்பா நடந்துபோனார். இடுப்பில் பச்சை பெல்ட் கட்டியிருந்தார். அகலமான பெல்ட், பை வைத்தது. அந்தக் காலத்து ஆண்கள் எல்லோரும் கட்டியிருந்தார்கள். அப்பாவுடையதில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அறுந்துபோனதற்குப் பதில் அம்மா தன் ரவிக்கைப் பொத்தானைத் தைத்துவிட்டிருந்தாள்.

சித்திரைக்கு வந்துவிடுவேன் என்றார். சித்திரை வந்தது. அவர் வரவில்லை.

காட்டு ரோடு மழையில் போய்விட்டது, பாலம் இல்லை, ஆள் வர முடியாது என்று யாரோ பாசாரில் சொன்னார்கள். அத்தை அதை நம்பினாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் இல்லாதவள். அதே லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். "எந்தம்பி யானை மாதிரி. பாலம் வந்தா வந்துருவான்" என்பாள்.

அம்மா எப்போதும்போல வேலைக்குப் போய்வந்தாள். ஆனால் சோற்றை வடிக்கும்போது கஞ்சியோடு சோறும் போகும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ராத்திரி படுக்காமல் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். பால் வெட்டும்போது மரத்தில் கத்தி ஆழமாகப் போய்க் காயம் பட்டது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் இரண்டு தடவை ஏசினார். மூன்றாம் தடவை அவளுக்குக் கொடுத்த மர வரிசையை, அந்த நிரையைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நிரை போனால் வீடும் போகும். லயத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். அப்பா திரும்பி வந்தால் வீட்டில் வேறு யாராவது இருப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பயம்.

தோட்டத்து எல்லையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு சீனத்தம்மா காய்கறி போட்டிருந்தாள். அம்மா வயதுதான் இருக்கும். அவளுடைய மகன் ஈயம் தோண்டிய லம்பத்துக் குட்டையில் விழுந்து செத்துப்போனான். அது நான் பிறப்பதற்கு முன்னாடி. சாயங்காலம் தண்ணீர் ஊற்றி முடித்ததும் அவள் கொட்டகை வாசலில் ஒரு பலகையில் உட்காருவாள். உள்ளங்கை அளவு மரக்கட்டை ஒன்று வைத்திருந்தாள். உள்ளே குடைந்தது. சின்னக் குச்சியால் அதைத் தட்டிக்கொண்டே அவர்கள் சாமி பெயரைச் சொல்வாள். டொக், பெயர். டொக், பெயர். பாட்டு மாதிரியும் இல்லை, அழுகை மாதிரியும் இல்லை. தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருக்கும்.

ரம்புத்தான் பழுத்த காலம். எங்களுக்குப் பள்ளி விடுமுறை. அவள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீரை வாங்கப் போனாள். சீனத்தம்மா எனக்குப் பழம் கொடுத்தாள். நான் தோலைக் கடித்துத் துப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். சிவப்புத் தோல் காலைச் சுற்றிக் கிடந்தது. எறும்பு வந்தது. அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா கீரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். டொக் டொக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீனத்தம்மா தட்டி முடித்ததும், ஏன் ஒரே பெயரைச் சொல்கிறாய் என்று அம்மா பாசார் மலாயில் கேட்டாள்.

சீனத்தம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "சத்து நாமா சாஜா. ஹாத்தி டுடோக் டியாம்" என்றாள். ஒரே பெயர்தான். மனசு சும்மா உட்கார்ந்துவிடும்.

அவ்வளவுதான் பேச்சு.

விடுமுறையில் நான் அம்மாவோடு நிரைக்குப் போவேன். இருட்டு விலகுவதற்கு முன்னால் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும். அம்மா தலையில் விளக்குக் கட்டியிருப்பாள். என் வேலை, மரத்தில் முதல் நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற கோட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவது. பால் பிடிக்கிற மங்குகளைத் துடைத்து வைப்பது. கொசு கடிக்கும். அந்தப் பாலின் நாற்றம் கையில் ஏறினால் மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாது. இன்றைக்கு யாருக்கும் அந்த நாற்றம் தெரியாது. எனக்கு இப்போதும் சில நாள் விரலில் வருகிற மாதிரி இருக்கும்.

சீனத்தம்மாவைப் பார்த்துவிட்டு வந்த முதல் இரண்டு நாள் அம்மா சாமி பெயரைச் சொன்னாள். மரத்துக்கு ஒரு "முருகா". மூன்றாம் நாள் பாதி நிரையில் நிறுத்தினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்து அழுதாள்.

"என்னம்மா?" என்றேன்.

"சாமி பேரச் சொன்னா ஏதாச்சும் கேக்கத் தோணுது. கேட்டா அழுக வருது" என்றாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள். நான் பின்னால் இருந்தேன். அப்போதுதான் அப்பா பெயர் கேட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன். யாரோ அவரைப் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று. நிரையில் யாரும் இல்லை. அடுத்த மரத்திலும் கேட்டது. அம்மாதான். கத்தியை வைத்து இழுக்கிறாள். தோல் சுருண்டு விழுகிறது. பால் கோடு போட்டு இறங்குகிறது. பெயரைச் சொல்கிறாள். அடுத்த மரம்.

அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. அவள் சொன்ன விதம் எனக்குப் புதிதாக இருந்தது. நான் கவுண்டரில் சொல்கிற மாதிரி இல்லை. அத்தை அதட்டுகிற மாதிரியும் இல்லை. மெதுவாக, ஒரு பாத்திரத்தை மேடையில் வைக்கிற மாதிரி.

"ஏம்மா அப்பா பேர சொல்ற? சொல்லக்கூடாதுல்ல?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாத. இந்தப் பேர்கிட்ட எனக்குக் கேக்க ஒன்னுமில்ல. மனசு நிக்குது" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெயர் அவளை நிமிர்த்தியது. அது உண்மை. கத்தி ஆழமாகப் போகவில்லை. மண்டோர் வந்து மரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஏசாமல் போனார். சோறு கஞ்சியோடு போகவில்லை. ராத்திரி படுத்தாள். ஒருநாள் எனக்குத் தலை வாரும்போது முணுமுணுத்துக்கொண்டே வாரினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தடவை. வலிக்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு அந்தச் சீப்புத்தான் ஞாபகம் வரும். மஞ்சள் சீப்பு. ஒரு பக்கம் பல் இல்லாதது.

டீச்சரம்மா சொன்னதெல்லாம் என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாமலே செய்தாள். மனம் ஓடும். ஏச மாட்டாள். அடுத்த மரம் வரும். திரும்பக் கூட்டிக்கொண்டு வருவாள்.

ரம்புத்தான் முடிந்தது. கித்தாக் கொட்டை வெடிக்கிற காலம் வந்தது. வெயில் ஏறியதும் மரத்தின் மேலே "டப்" என்று வெடிக்கும். கொட்டை தகரக் கூரையில் விழுந்து உருளும். நாங்கள் பொறுக்கிச் சிமெண்டில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடுவோம். பள்ளி திறந்துவிட்டது. நான் நிரைக்குப் போகவில்லை.

பக்கத்து நிரை வெட்டுகிற பெண் ஒருத்தி கேட்டுவிட்டாள். குழாயடியில் சொன்னாள். அத்தைக்குப் போய்விட்டது. அத்தை முதலில் நம்பவில்லை. மறுநாள் தன் நிரையை விட்டுவிட்டு அம்மா நிரைக்குப் போய் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அன்று நான் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. ஒருத்திதான் பேசினாள்.

"கட்டுனவன் பேர காடு பூரா ஏலம் போடுறியே. அவன் போன எடத்துல நல்லா இருக்க வேணாமா?"

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டு இருந்தாள்.

"ஆயுசு கொறையும்னு உங்கம்மா சொல்லிக் குடுக்கலியா? இல்ல புத்திதான் பிசகிப் போச்சா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்தி விடவா?"

அப்போது அம்மா சொன்னாள். "நான் ஏலம் போடலக்கா. கூப்பிடக்கூட இல்ல. புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அத்தைக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை.

மண்டோரிடம் சொல்வேன், நிரையைப் பிடுங்கச் சொல்வேன் என்று அத்தை மிரட்டினாள். அம்மா சத்தத்தை நிறுத்தினாள். உதடு மட்டும் அசையும். அத்தை உதட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். குழாயடியில், பால் கொட்டாயில், கோயிலில், எங்கே பார்த்தாலும் அம்மா வாயைத்தான் பார்ப்பாள். "அசையுது பாரு" என்று மற்றவர்களிடம் காட்டுவாள். பிள்ளைகள் அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்துக் கிண்டல் செய்தார்கள். அம்மா உதட்டையும் நிறுத்தினாள். உள்ளுக்குள் போய்விட்டாள். முகம் மட்டும் அமைதியாக இருக்கும். அத்தைக்கு அந்த அமைதியும் பிடிக்கவில்லை. "உள்ள வச்சு சொல்றா. எனக்குத் தெரியாதா" என்பாள்.

மூன்று படி என்று டீச்சரம்மா சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அத்தை விரட்டி விரட்டியே அம்மாவை மூன்று படியும் ஏற்றிவிட்டாள்.

தீபாவளிக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பு வாளி வாசலில் இருந்தது. மத்தியானம் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாலாக் லாரியில் கிளீனர் வேலை பார்க்கிறவர். நம் ஆள்தான். மெலிந்து, கண் மஞ்சளாக இருந்தது. அப்பா பெயரைச் சொல்லி வீடு இதுதானா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன்.

பக்கத்து வாசலிலிருந்து அத்தையும் வந்து நின்றாள். அவர் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். பச்சை பெல்ட். பூசணம் பிடித்திருந்தது. வேறு நிறப் பொத்தான் அப்படியே இருந்தது.

"அண்ணே போயி ரொம்ப நாளாச்சுக்கா" என்றார். "அந்த எல கொட்டுன சமயத்துலயே. வந்து கொஞ்ச நாள்தான். கட்ட உருண்டு மேல விழுந்திருச்சு. பாலம் இல்ல, கொண்டாற முடியல, அங்கனயே பொதைச்சோம். என்னயத்தான் சொல்லிட்டு வரச் சொன்னாங்க. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டேன். எந்திரிக்கவே இவ்ளோ நாளாயிருச்சு."

அவர் இதை முழுசாகச் சொல்லி முடித்தாரா என்றுகூட எனக்குச் சந்தேகம். "அண்ணே போயி" என்றதுமே அத்தை தரையில் விழுந்துவிட்டாள். சுண்ணாம்பு வாளி சாய்ந்தது. லயத்து ஆள்கள் ஓடிவந்தார்கள். அத்தை அந்தச் சுண்ணாம்பிலேயே உருண்டாள். தலை, சேலை எல்லாம் வெள்ளை. எழுந்து அம்மாவைக் கை நீட்டிக் காட்டினாள்.

"சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டா. எந்தம்பிய சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டா."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கும் அம்மா உதடு அசைந்தது தெரியும். அந்த லாரி ஆளை யாரும் பார்க்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு வாய் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

அம்மா அழவில்லை. பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கினாள். பூசணத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.

கருமாதி அன்று தோட்டத்துக் கோயிலில் அத்தை ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினாள். இனிமேல் அந்தப் பெயரை வாயாலும் மனசாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். செத்தவரை மறுபடியும் இழுத்தால் அவர் போகிற இடத்துக்குப் போக மாட்டார் என்றாள். பெரியவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். கையில் சுட்டுவிட்டது. நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் சீனத்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் சவிக் கீரைக் கட்டு. அவள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தவள் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை உள்ளே விடவில்லை. அவள் வாய்க்கால் ஓரமாக நின்றாள். அம்மா வெளியே போய் அவளுக்கு எதிரில் நின்றாள். ரொம்ப நேரம் அப்படி நின்றார்கள். போகும்போது சீனத்தம்மா பையிலிருந்து அந்த மரக்கட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவள் அதை என் கையில் வைத்து என் விரலை மூடிவிட்டுப் போனாள்.

அது எங்கள் வீட்டில் மேசைக் காலுக்கு அண்டக் கொடுக்கிற கட்டையாகக் கிடந்தது. தோட்டம் விற்று, எல்லோரும் வீடு காலி பண்ணின சமயத்தில் மேசையைத் தூக்கினார்கள். கட்டையை யாரும் எடுக்கவில்லை. பெல்ட்டை அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அத்தை செத்தபோது அவளோடு வைத்து எரித்துவிட்டார்கள்.

அத்தையை நான் குறை சொல்லவில்லை. யானை மாதிரி தம்பி காட்டில் ஒரு கட்டையில் செத்தான் என்றால் அவளால் தாங்க முடியாது. கட்டையை ஏச முடியுமா? ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா பழையபடி ஆனாள். கத்தி மரத்தில் ஆழமாகப் போனது. அவள் வெட்டின மரத்தையெல்லாம் பார்த்தாலே தெரியும், முண்டும் முடிச்சுமாக. நிரை போகாமல் இருந்தது மண்டோர் இரக்கப்பட்டதால்தான். நடுவில் கை அப்படியே நின்றுவிடும். வாய் கொஞ்சம் திறக்கும். உடனே மூடிக்கொள்வாள். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

பெரிய பிள்ளையானதும் ஒருதடவை கேட்டேன். "மனசுக்குள்ளயும் சொல்றதில்லையாம்மா?"

"சத்தியம் சத்தியம்தானே" என்றாள்.

நான் கமுந்திங்கில் பேக்டரி வேலைக்குப் போனேன். பிறகு கல்யாணம், ஈப்போ, பிள்ளைகள். அம்மா என்னோடுதான் இருந்தாள். கிளினிக், ஐசி ஆபீஸ், பேங்க், எங்கே போனாலும் "நாமா சுவாமி?" என்று கேட்பார்கள். அம்மா என் முழங்கையை இடிப்பாள். நான் சொல்வேன். நான் சொல்லும்போது அவள் வேறு பக்கம் பார்ப்பாள். ஆனால் காது இங்கேதான் இருக்கும். ஒரு தடவை கிளினிக்கில் சரியாகக் கேட்கவில்லை என்று அந்தப் பெண் திரும்பக் கேட்டாள். நான் திரும்பச் சொன்னேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள்.

கடைசியில் அம்மா வீட்டில்தான் படுத்திருந்தாள். கடைசி நாள் நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருகாலத்தில் அத்தை பார்த்த மாதிரி. அசையவில்லை. சாயங்காலம் மூச்சு நின்றது. உதடு அசையவே இல்லை.

அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போனேன் என்று சொன்னேன் இல்லையா? மண்டபத்துக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் ரம்புத்தான் மரம். வேலிக்கு இந்தப் பக்கம் தோல் கிடந்தது. சிவப்பு, எறும்போடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் இரண்டும் ஒன்றாக வந்தன. அம்மா அந்தப் பெயரைப் பிடித்தது ரம்புத்தான் பழுத்த காலத்தில். அதற்கு முன்னால் இல்லை. சீனத்தம்மாவிடம் கேட்ட அன்று நான் கூட இருந்தேன். தோல் என் காலடியில் கிடந்தது. அப்பா போனது இலை கொட்டுகிற காலத்தில். லாரி ஆள் சொன்னார். நான் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலை கொட்டி, துளிர் விட்டு, பூ வந்து, காய் பிடித்து, அதற்கெல்லாம் பிறகுதான் ரம்புத்தான். அம்மா முதல் தடவை அந்தப் பெயரைச் சொன்னபோது அப்பா மண்ணுக்குள் இருந்தார். குறைவதற்கு அவருக்கு ஆயுசே மிச்சம் இல்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? காலண்டர் வேண்டாம், மரத்தைப் பார்த்தே சொல்வார்கள். அவ்வளவு பேரில் ஒருத்தருக்கும் அன்றைக்கு மரம் ஞாபகம் வரவில்லை. உதடுதான் ஞாபகம் வந்தது. எனக்கும் இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆள் சொன்னதையும் கேட்டாள். பெல்ட்டைத் துடைக்கும்போது அவள் கை நின்று நின்று போனது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பிக்கும் முன்னேயே அவர் போய்விட்டார் என்று. சொல்லவில்லை. கற்பூரத்தை அடித்தாள்.

இதை ரொம்ப நேரம் நினைத்தேன். அப்படிச் சொன்னால் பழி போகும். ஆனால் அந்தச் சீசன் முழுக்க, மரத்துக்கு மரம், அவள் பிடித்துக்கொண்டிருந்த பெயருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஆகிவிடும். தன் சொல் அவரைக் கொன்றது என்றால் அவரைத் தொட்டது என்றாவது அர்த்தம். தொடவே இல்லை என்பதைவிட அவளுக்கு அது லேசாக இருந்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றுகிறது. கேட்பதற்கு அவள் இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரி என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யவில்லை. "வாக்கா, டீச்சரம்மா கேக்குறாங்க" என்று கையைப் பிடித்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். உங்கள் சொல் கிடைத்ததா என்று டீச்சரம்மா கேட்டார். கிடைத்தது என்றேன். என்ன சொல் என்று அவர் கேட்கவில்லை. அது அவர் நாகரிகம்.

எனக்குத் தடையில்லை. நான் மகள்தானே. நான் எந்தக் கற்பூரத்தையும் அடிக்கவில்லை. இந்தப் பெயரைச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை.

கண்ணை மூடினேன். முழங்கை நாற்காலிக் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், யாரோ இடிப்பார்கள் என்பதுபோல.

பிறகு சொன்னேன். கவுண்டரில் சொல்கிற மாதிரி இல்லை. மெதுவாக. அடுத்த மரத்துக்குப் போனேன். திரும்பச் சொன்னேன்.